சிற்றாறு கலக்கும் இடத்தில் ஒரு கட்டுரை

செவ்வாய்க்கிழமைகளில் பேராசிரியர் ரூபவதிக்குக் காலையிலேயே வகுப்பு உண்டு. பாளையங்கோட்டையில் அவர் குடியிருந்த தெருவிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அறுபத்தொன்பது வயதில் அந்த நடை அவருக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரி அவரை விடவில்லை. கணினி அறிவியல் துறைக்கு ஒரு மனிதக் குரல் வேண்டும் என்பது விதி.

அன்று வரிசைப்படுத்தும் வழிமுறைகளைப் பற்றிய பாடம். அவர் சீட்டுக்கட்டை உதாரணமாக வைத்துப் பேசினார். மாணவர்கள் காதில் செருகியிருந்த செவியி அவர் பேச்சை வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தது. முன்வரிசைப் பெண் கிரிக்கெட் ஆடுகிறவள். அவள் காதில் ரூபவதியின் குரலிலேயே, பந்து வீச்சாளர்களை வரிசைப்படுத்துவதாகப் பாடம் ஓடியது. பின்னால் இருந்த பையனுக்கு அடிப்படை கொஞ்சம் பலவீனம் என்று செவியிக்குத் தெரியும். அவனுக்காக இரண்டு படிகள் கூட்டிச் சொன்னது. ரூபவதி நடுவில் ஒரு நகைச்சுவை சொன்னார். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கியது, சற்றுக் கழித்து நடுவரிசையில் எழுந்தது, அவர் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு ஜன்னல் ஓரத்தில் ஒருவன் தனியாகச் சிரித்தான்.

"சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கடைசியில் கேட்டார். கேட்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. யாருக்கும் எதுவும் இருந்ததில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு பெண் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் அலைகிற வேலை என்று முகம் சொன்னது.

"மேடம், என் பேரு முத்தரசி. மதகு மையத்துல இன்ஜினியரா இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

அறையில் உட்கார்ந்ததும் முத்தரசி நேராக விஷயத்துக்கு வந்தார். "நீங்களும் செய்யது மீரான் சாரும் எழுதுன கட்டுரைய வச்சுத்தான் ஆத்துல எங்க மதகெல்லாம் ஓடுது. தெரியும்லா மேடம்?"

தெரியும். ஆனால் யாரும் வந்து சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. ரூபவதிக்குச் சற்றே கூச்சமாகக்கூட இருந்தது.

அந்தக் கட்டுரையின் பெயர் 'மையம் இல்லாத மதகுகள்'. ஓர் ஆற்றில் பல மதகுகள். எல்லாவற்றுக்கும் கட்டளையிட ஒரு தலைமை அறை இருந்தால், புயலில் அந்த அறை செத்தால் ஆறே கைவிட்டுப் போகும். அதனால் ஒவ்வொரு மதகும் பக்கத்து மதகுகளிடமிருந்து வரும் செய்தியை மட்டும் வைத்துத் தானாகவே முடிவெடுக்கட்டும். எந்த ஊரும் மூழ்காமல், எந்த வயலும் காயாமல் அவை ஒத்துப்போகும் என்று கணிதமாக நிறுவலாம். ரூபவதியும் மீரானும் இளம் ஆய்வாளர்களாகச் சென்னையில் இருந்த காலத்தில் அதை நிறுவினார்கள்.

"இப்ப கரையில இருக்க செய்திக் கோபுரத்தையெல்லாம் எடுத்துட்டு, கரண்டு கம்மியா இழுக்குற சின்னப் பெட்டி வைக்கப் போறாங்க மேடம். ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவித் தாவிச் செய்தி போகும். கொஞ்சம் லேட்டாவும். லேட்டானா பிரச்சினை உண்டான்னு உங்க கட்டுரையில பாத்தேன். ஒண்ணுமே போடல. ஆனா எங்க சீனியர் ஒருத்தர் ரிட்டயர் ஆகும்போது, 'தண்ணிக்கு முந்தி செய்தி வரணும், மறந்துராத'ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஐப்பசி மழைக்கு முந்தி மாத்திரணும்னு மேல அவசரப்படுத்துதாங்க. அதான், எழுதுனவங்களையே கேட்ருவோம்னு வந்துட்டேன்."

"உங்க சீனியர் சொன்னது சரிதான். அது ரொம்ப முக்கியமான நிபந்தனை. ரெண்டாவது பக்கத்துலயே இருக்கும்." ரூபவதி மேசை மேல் கிடந்த வாசிப்புப் பலகையை எடுத்தார். தன் கட்டுரையைக் கேட்டார். வந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது: மேல் மதகின் செய்தி, மேல் மதகின் நீருக்கு முன்னால் கீழ் மதகை அடைய வேண்டும்.

"இதோ பாருங்க."

முத்தரசி குனிந்தார். பலகை அவர் கண்ணை உணர்ந்தது. எழுத்துகள் ஒரு கணம் நீரில் அலைவது போல அலைந்து, மறுபடி அடங்கின. முத்தரசி படித்தார், விரலை வைத்துப் படித்தார், நிமிர்ந்தார்.

"இல்லயே மேடம்."

ரூபவதி பலகையைத் தன் பக்கம் திருப்பினார். வாக்கியம் இருந்தது. முத்தரசியின் பக்கம் திருப்பினார். இல்லை.

"உங்க பேரு போட்ட கட்டுரைய உங்களாலயே காட்ட முடியலியே மேடம்," என்றார் முத்தரசி. கேலியாக அல்ல, வருத்தமாகத்தான் சொன்னார்.

உலகம் அப்படி ஆகி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. எழுதப்பட்டதெல்லாம் அறிவுக்குளத்தில் இருந்தது. கட்டுரை, கதை, சட்டம், சமையல் குறிப்பு எல்லாமே எழுத்தாக அல்ல, கரைந்த பொருளாகக் கிடந்தன. படிக்க விரும்புகிறவர் கேட்டால், இசைவி என்ற மென்பொருள் அவருக்கு என்ன தெரியும், எதை எதிர்பார்க்கிறார் என்று பார்த்து, அந்தக் கணத்தில் அவருக்கென்றே ஒரு பிரதி நெய்து தரும். புரியாத புத்தகம் என்று ஒன்று இல்லாமல் போனது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படித்தார்கள் என்பதும் இல்லாமல் போனது. பழைய சர்வர்கள் தேய்ந்தபோது, மூலப்பிரதிகளை யாரும் திறப்பதே இல்லை என்று கணக்குக் காட்டி அவற்றை அணைத்துவிட்டார்கள். காகிதத்தில் அச்சடித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளோ அதற்கும் முன்பே அருகிப் போயிருந்தன.

அன்று மதியம் ரூபவதி காயல்பட்டினத்துக்குப் பேசினார். மீரான் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் மகள் ஜுலைஹாவோடு இருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு பேசுகிறார்கள். முழங்கால் வலி, மழை, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் முடிந்த பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"அந்த நிபந்தனையா? அதத்தான் எடுத்துட்டோமே," என்றார் மீரான்.

"எப்ப எடுத்தோம்?"

"என்ன ரூபா, மறந்துட்டியா? ரெண்டாவது பதிப்புல. நிபந்தனையே தேவையில்லைன்னு நிறுவுனோம்ல. இரு, எடுத்துப் பாக்குதேன்." மறுமுனையில் பலகையை எடுக்கும் சத்தம். "இதோ இருக்கு. தெளிவாப் போட்டிருக்கு."

"எனக்கு நிபந்தனையோடதான் வருது மீரான். நீ எதையோ நினைச்சுக்கிட்டு இருக்க."

"நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

அவர் குரல் மாறிவிட்டது. ரூபவதியின் குரலும் மாறியிருக்க வேண்டும். பேச்சு அதோடு நின்றது. மறுநாள் மறுபடி பேசினார்கள், மறுபடி அதே இடத்தில் முட்டிக்கொண்டது. இசைவி ரூபவதிக்கு ரூபவதியின் நினைவையும் மீரானுக்கு மீரானின் நினைவையும் அழகாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வாரம் முழுவதும் அவருக்குப் பழைய ஞாபகங்களாக வந்தன. அவர் மாணவியாக இருந்தபோது கட்டுரைகள் பூட்டிக் கிடந்தன. நல்ல ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டக் கல்லூரியால் முடியாது. ஒருமுறை, சுருக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கட்டுரையை எழுதிய பின்லாந்துக்காரிக்குத் தயங்கித் தயங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அடுத்த நாளே முழுக் கட்டுரையும் வந்தது, கூடவே 'கேட்டதற்கு நன்றி' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர் வாழ்நாளில் மறக்கவில்லை. சென்னையில் மீரானைச் சந்தித்தபோது அவருக்கும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. நாம் எழுதுவதில் ஒரு பக்கத்தைக்கூட யாரும் பூட்டக் கூடாது என்று கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே முடிவு செய்தார்கள். அப்படியே செய்தார்கள். கட்டுரை, பாடக்குறிப்பு, நிரல் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள்.

திறந்து வைத்ததும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஏழாம் பக்கத்தில் மூன்றாவது வரி புரியவில்லை என்று ஒருவர் எழுதுவார். அது அச்சுப்பிழை என்று இன்னொருவர் பதில் சொல்வார். இல்லை, அது சரிதான், எட்டாம் பக்கத்தைப் பாருங்கள் என்று மூன்றாமவர் வருவார். முகம் தெரியாதவர்கள் ஒரே பக்கத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ரூபவதி காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பிறகு அறிவுக்குளம் வந்தது. எல்லா எழுத்தும் எல்லாருக்கும் இலவசம் என்றார்கள். திறந்த பதிப்புக்காரர்கள் அத்தனை பேரும் கைதட்டி வரவேற்றார்கள், ரூபவதியும்தான். எல்லாரும் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்தது. எல்லாரும் ஒன்றையே படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை முத்தரசி மறுபடி பேசினார். பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன, திங்களன்று கோபுரங்களைக் கழற்றத் தொடங்குவார்கள். "நான் நிறுத்தச் சொன்னா காரணம் கேப்பாங்க மேடம். என் பிரதியிலயே காரணம் இல்ல. எங்க தலைவர் பிரதியிலயும் இல்ல."

ரூபவதி மீரானுக்குப் பேசினார். "நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். கிளம்பி வா. முதல்லேருந்து திரும்ப நிறுவிப் பாப்போம்."

"இந்த வயசுலயா?"

"பின்ன, அந்த வயசு இனி வருமா?"

மறுமுனையில் மீரான் சிரித்தார். வாக்குவாதம் தொடங்கிய பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

சனிக்கிழமை காலை முத்தரசி இருவரையும் தன் வண்டியில் சீவலப்பேரிப் பக்கம் அழைத்துப் போனார். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மதகு. கல்லூரி அறையைவிட அங்கே வசதி, மதகின் நீளச் சுவரில் சுண்ணக்கட்டியால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் அவர். மீரான் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் ஜுலைஹா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையுமாக இறங்கினார். இருவரும் செவியியைக் கழற்றி முத்தரசியிடம் கொடுத்தார்கள். முத்தரசியும் தன்னுடையதைக் கழற்றிவிட்டார்.

முதலில் ரூபவதி எழுதினார். நிபந்தனையோடு நிறுவுவது அவருக்குக் கைவந்தது. சுவரில் பாதிக்கும் மேல் போனது. நடுவில் ஒரு படி நினைவுக்கு வரவில்லை. மீரான் எழுந்து வந்து அதை எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முடித்ததும் முத்தரசி, "இது எனக்கு முழுசாப் புரியுது மேடம்," என்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டிருந்தார். கேள்வி கேட்பது என்ன சுகம் என்று அவர் மறந்தே போயிருந்தார் போலும்.

அடுத்து மீரானின் முறை.

"பொலிவியாவிலேருந்து ஒரு ஆளு எழுதுனாரே, ஞாபகம் இருக்கா? எங்க மலையில செய்தி லேட்டாத்தான் வரும், அப்ப என்ன செய்யன்னு. நீ அப்ப ஊருல இல்ல. உங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. நான் போன்ல சொன்னேன், நீ பாத்துக்கோன்னு சொல்லிட்ட."

ரூபவதிக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, போனில் மீரானின் குரல், எதையும் காதில் வாங்காமல் சரி சரி என்று சொன்னது. இரண்டாவது பதிப்பு என்று ஒன்று உண்மையிலேயே இருந்திருக்கிறது. அப்பா காலமான பிறகு நெடுநாள் அவர் அந்தக் கட்டுரைப் பக்கமே போகவில்லை.

"அப்ப நீ பொய் சொல்லல," என்றார்.

"நான் எப்ப ரூபா பொய் சொன்னேன்?" என்ற மீரான் சுவரில் எழுதத் தொடங்கினார். அவர் யோசனை எளிமையானது. செய்தி தாமதமாக வந்தால் என்ன? மேல் மதகு திறந்தால் கீழே நீர் ஏறும். நீர் ஏறுவதே செய்திதான். கீழ் மதகு அதைப் பார்த்து மேலே நடந்ததை ஊகித்துக்கொள்ளும். செய்தியைவிட நம்பகமான தூது தண்ணீர். வரிக்கு வரி அழகாக நகர்ந்தது. ரூபவதி குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரியாக ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல மூளை இவனுக்கு என்று இளவயதில் நினைத்ததைப் போலவே நினைத்தார்.

கடைசிப் படிக்கு முன்னால் மீரான் மூச்சு வாங்கிக்கொள்ள நின்றார். ரூபவதியின் கண் சுவரைத் தாண்டி ஆற்றுக்குப் போனது. மேற்கே எங்கோ மழை பெய்திருந்தது. சிற்றாறு கலங்கலாக வந்து, தெளிந்த நீரோடு சற்றுத் தூரம் ஒட்டாமல் ஓடி, மதகை நெருங்கும்போது ஒரே நிறமாகியிருந்தது.

"மீரான், இந்த மதகுல இப்ப தண்ணி ஏறுதுன்னு வை. எந்தப் பக்கத்துத் தண்ணி அது?"

"எந்தப் பக்கத்துதுன்னா?"

"சிற்றாத்துல திறந்ததா, பெரிய ஆத்துல திறந்ததா? தண்ணியப் பாத்து எப்படிச் சொல்லுவ?"

மீரான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். ஆற்றைப் பார்த்தார். சுவருக்குத் திரும்பி, தான் எழுதியதை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். நெடுநேரம் அங்கேயே நின்றார்.

"கிளையில்லாத," என்றார் கடைசியில். "கிளையில்லாத ஆற்றுக்குன்னு எழுதுனேன் ரூபா. பொலிவியாக்காரரோட ஆறு நேரா மலையிலேருந்து இறங்குற ஆறு. அதுக்கு மட்டுந்தான் நிறுவுனேன். அந்தச் சொல்லு எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை, கரைந்துவிட்டது. ஆண்டுகள் போகப் போக மீரானின் நினைவில் அந்த ஒரு சொல் தேய்ந்தது. அவர் கேட்கும்போதெல்லாம் இசைவி அவர் நினைவுக்கு இசைவாகவே நெய்து கொடுத்தது. முத்தரசியும் அவர் தலைவரும் பயிற்சியில் படித்தது நேரான வாய்க்கால்களை வைத்துத்தான், அதனால் அவர்களுக்கும் அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஆற்றில் கிளை இருக்கும் இடங்களில் மட்டும் நிபந்தனை தேவை. அங்கே செய்தி தண்ணீருக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும். இல்லையென்றால், சிற்றாற்றில் வந்த வெள்ளத்தைப் பெரிய ஆற்று வெள்ளம் என்று நினைத்து மதகு தவறான பக்கம் திறக்கும். கீழே ஊர்கள் இருந்தன.

முத்தரசி அங்கேயே நின்று தலைவருக்குப் பேசினார். சுவரில் இருந்த நிறுவலைத் தன் வாயால் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். எதிர்முனையில் கேள்விகள் வந்தன. தடுமாறிய இடத்தில் ரூபவதி சொல்லிக் கொடுக்கப் போனார். முத்தரசி கையமர்த்திவிட்டு அவரே சொன்னார். கலக்கும் இடங்களில் மட்டும் கோபுரங்கள் இருக்கட்டும், மற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

சாப்பாட்டுப் பையைப் பிரித்தபோதுதான் முத்தரசி அந்தப் பேச்சை எடுத்தார். "எனக்குப் பிறகு இங்க வர்றவங்களுக்கு இது எப்படித் தெரியும் மேடம்? குளத்துல போட்டா திரும்பவும் கரைஞ்சிரும். தாள்ல எழுதி ஆபீஸ்ல வச்சா ஸ்கேன் பண்ணிக் குளத்துல விட்டுட்டுத் தாளக் கிழிச்சிருவாங்க."

மீரான் சோற்றைப் பிசைந்தபடி மதகுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு மூலையில், என்றோ வந்த பெருவெள்ளத்தின் உயரத்தைக் குறித்து ஒரு கல் பதித்திருந்தது. மழையும் வெயிலும் பட்டும் எழுத்து தெரிந்தது.

"அந்தக் கல்லுல என்ன போட்டிருக்கு முத்தரசி?" என்று கேட்டார்.

முத்தரசி படித்துச் சொன்னார்.

"ரூபா, உனக்கு?"

ரூபவதி அதையே படித்தார்.

அப்படித்தான் அந்தக் கட்டுரையின் மூன்றாவது பதிப்பு கல்லில் வெளிவந்தது. முத்தரசி மையத்தில் பேசி, வெள்ள எச்சரிக்கைப் பலகை என்ற பெயரில் அனுமதி வாங்கினார். கருங்கல்லில் இடம் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் ரூபவதியும் மீரானும் மாறி மாறி இரு ஊர்களிலிருந்தும் சண்டை போட்டார்கள். சில வாக்கியங்களில் ரூபவதி ஜெயித்தார், சிலவற்றில் விட்டுக் கொடுத்தார். இத்தனை வயதுக்கு மேல் அவருக்கு வாய்த்த மகிழ்ச்சியான நாள்கள் அவை. மதகுச் சுவரில் கல்லைப் பதித்த அன்று மீரானால் வர முடியவில்லை, காய்ச்சல். படம் அனுப்ப முத்தரசி வாசிப்புப் பலகையை உயர்த்தினார். வேண்டாம், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார் மீரான் போனில்.

ஐப்பசியில் மழை கொட்டியது. இரண்டு ஆறுகளிலும் ஒரே நாளில் வெள்ளம் வந்தது. மதகுகள் தங்களுக்குள் பேசி, திறந்து, மூடி, தண்ணீரைக் கொண்டு போய்க் கடலில் சேர்த்தன. கீழே இருந்த ஊர்களில் அன்று பள்ளிக்கூடம் வழக்கம் போல நடந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் மீரான் போனார். கார்த்திகையில், தூக்கத்திலேயே. கல்லை அவர் பார்க்கவே இல்லை.

தை பிறந்த பிறகு ஜுலைஹா பாளையங்கோட்டைக்கு வந்தாள். பள்ளி ஆசிரியை, ஐம்பதை நெருங்கியவள். சின்ன வயதிலிருந்தே ரூபவதியை மாமி என்றுதான் அழைப்பாள்.

"வாப்பா எழுதுனதையெல்லாம் படிக்கணும்னு கேட்டேன் மாமி. குளத்துலேருந்து வந்துச்சு. ஒரு சொல்லுகூடப் புரியாம இல்ல, அவ்வளவு நல்லா இருந்துச்சு. கணக்கே தெரியாத எனக்குக் கணக்கு புரிஞ்சுது. ஆனா அதுல வாப்பா இல்ல. நான் எனக்கே சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கு. மறுபடி கேட்டேன், வாப்பா மாதிரி எழுதிக் குடுன்னு. அப்ப வந்தது நான் நினைக்கிற வாப்பா. எனக்கு அது வேண்டாம். அவங்க வேணும்."

ரூபவதி முத்தரசிக்குப் பேசி வண்டி அனுப்பச் சொன்னார்.

மதகில் தண்ணீர் குறைந்து தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. முத்தரசி அவர்களைச் சுவருக்கு அருகே விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஜுலைஹா செவியியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கல்லின் முன்னால் நின்றாள். அவள் உதடு அசைவதை ரூபவதி பக்கத்திலிருந்து பார்த்தார். முதல் சில வரிகளில் ஒன்றும் நடக்கவில்லை. புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வரியில் நின்றாள். திரும்பவும் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"தண்ணீர் ஏறிற்று என்று பார்த்ததும் திறந்துவிடாதீர். யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டுவிட்டல்லவா திறக்க வேணும்."

ரூபவதி சொன்னார்: "இது ஆராய்ச்சிக் கட்டுரை, இப்படியெல்லாம் எழுதக் கூடாதுன்னு எவ்வளவோ சொன்னேன்மா. கேக்கல. இது இருந்தாத்தான் என் பேரப் போடணும்னுட்டான்."

ஜுலைஹா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எங்க வீட்டுல யாராச்சும் கதவைத் தட்டுனா வாப்பா உள்ளேருந்து இதையேதான் சத்தம் போடுவாங்க மாமி. யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டுட்டுல்லா தொறக்கணும்னு. நாங்க எல்லாரும் கேலி பண்ணுவோம்."

அவள் கல்லைத் தொட்டாள். அந்த வரியை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு மேலே போய், தலைப்பிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படித்தாள், புரியாத குறியீடுகளைக்கூட எழுத்துக் கூட்டி. மதகுப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"கிளை உள்ள இடத்தில், செய்தி முந்தினால் மதகுகள் ஒத்துப்போகும்," என்று படித்தாள் ஜுலைஹா.

"முந்தினால் இல்லம்மா. முந்தினால்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான மாமி?"

"இல்ல. ரெண்டும் வேற."

சொன்ன பிறகுதான் ரூபவதிக்கு உறைத்தது. வகுப்பில் அவர் யாரையும் திருத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் எதையும் தவறாகப் படிக்க வழியே இருந்ததில்லை.

ஜுலைஹா கல்லுக்கு இன்னும் நெருங்கி வந்து அந்தச் சொல்லைப் பார்த்தாள். ஆமாம், முந்தினால்தான் என்று இருந்தது. அவள் அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போய், வாப்பா எழுதியபடியே படித்தாள்.